ஹாலே நகரில் இரண்டு நாட்கள்

ஜெர்மனிக்குச் செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் பெர்லினையும் மியூனிக்கையும் காண்பர். ரைன் ஆற்றில் படகேறுவர். ஹைடல்பர்க் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். ஹாலே என்னும் ஊருக்குச் செல்பவர் மிகச் சிலரே. பெர்லினிலிருந்து விரைவுப் புகைவண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் அவ்வூரை அடைந்துவிடலாம். சாலே என்னும் ஆற்றின் கரையில் அமைந்த பழைய நகரம் அது. பூமிக்கடியிலிருந்து ஊறிய உப்புநீரைக் காய்ச்சி, அந்த உப்பை விற்றே பல நூற்றாண்டுகள் செல்வம் சேர்த்த ஊர். இன்று அதன் பெயரைச் சொன்னால் பல ஜெர்மன்காரருக்கு நினைவு வருவது அங்கே செய்யப்படும் உருண்டைச் சாக்லேட்தான். ஆயினும் தமிழ் எழுத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்த ஊரை ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது.

நாங்கள் அங்கே சென்றதற்குக் காரணம் என் மனைவியே. அவள் பிறந்த ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக் கடற்கரையும், டேனிஷ்காரர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1718-இல் எழுந்த புது எருசலேம் தேவாலயமும் அவள் சிறுமியாக ஓடியாடிய இடங்கள். பொறையாற்றில் ‘கடுதாசிப் பட்டறை’ என்று ஓர் இடத்துக்குப் பெயர் உண்டு. கடுதாசி என்றால் காகிதம். ஒரு காலத்தில் அங்கே காகிதம் செய்யும் ஆலை இருந்ததனால் வந்த பெயர் அது. அந்த ஆலையையும் அதற்கு முன் வந்த அச்சுக்கூடத்தையும் அமைத்த சீகன்பால்கு பாதிரியார் ஹாலேயிலிருந்து வந்தவர் என்று அவளுடைய பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். அதனால், 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பெர்லினில் எங்கள் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, “அரண்மனைகளை எல்லாம் நீங்களும் அவனும் பாருங்கள். எனக்கு ஹாலேயைக் காட்டினால் போதும்” என்று கூறிவிட்டாள். ஒரு வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். மறுநாள் மாலை திரும்பினோம்.

அந்த நாட்களில் அவள் மனத்தில் ஒரு கவலையும் இருந்தது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் பதினாறு ஆண்டுகளாக அரிச்சுவடி கற்பித்து வருவதை வாசகர் பலர் அறிவர். ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகள் வந்த வகுப்பில் அந்த ஆண்டு ஒன்பது பேரே எஞ்சியிருந்தனர். பள்ளியில் மூன்று மொழி, மாலையில் கணக்கு வகுப்பு, ஞாயிறு காலையில் நீச்சல். இவற்றுக்கு நடுவே தமிழ் எழுத்துக்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்கின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டு வகுப்பை நடத்துவதா, விடுவதா என்ற பேச்சும் எழுந்திருந்தது. அந்தப் பேச்சைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் அந்த ஒன்பது பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சி ஏடுகள் எங்களோடு ஜெர்மனிக்கு வந்திருந்தன. திருத்திக் கொடுக்க வேண்டுமாம்!

ஹாலே நிலையத்தில் இறங்கியதும் டிராம் வண்டியில் நகரின் நடுச் சந்தைச் சதுக்கத்துக்குச் சென்றோம். பெரிய வெளி, சுற்றிலும் கடைகள், நடுவே காய்கறியும் பூவும் விற்போரின் கூடாரங்கள். நிமிர்ந்து பார்த்தால் ஐந்து கோபுரங்கள். ‘ஐந்து கோபுர நகரம்’ என்றே அவ்வூரை அழைப்பார்கள். ஐந்தில் ஒன்று தனியே நிற்கும் செங்கோபுரம். அதில் 76 மணிகள் தொங்குகின்றன. மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்துக்கு உரியவை. முன்பு அருகருகே இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டில் அவற்றின் கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டு, இடையே இருந்த கட்டடங்களை இடித்து, ஒரே ஆலயமாகக் கட்டிவிட்டனர். இரண்டு வீடுகளைச் சேர்த்து ஒரு வீடாக்கியவன் வாசல் இரண்டையும் வைத்துக்கொண்டது போலத் தோன்றிற்று எனக்கு.

அந்த ஆலயத்துக்குள் மார்ட்டின் லூதரின் முகத்தை அவர் இறந்தவுடன் மெழுகில் பதித்து எடுத்த அச்சு பாதுகாக்கப்படுகிறது. 1546-இல் அவர் ஐஸ்லேபனில் மறைந்தபின், விட்டன்பர்க்குக்கு எடுத்துச் சென்ற அவர் உடல் வழியில் ஓரிரவு இங்கே வைக்கப்பட்டது. இசை உலகில் பெரும்புகழ் பெற்ற ஹாண்டல் 1685-இல் இவ்வூரில் பிறந்தவர். இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். இங்கேதான் சாகோ என்னும் ஆசிரியரிடம் ஆர்கன் வாசிக்கக் கற்றவர். தந்தையார் அவரை வழக்கறிஞராக்க விரும்பினார். 1702-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளை மறு ஆண்டே இசையைத் தேடி ஹாம்பர்க்குக்குப் போய்விட்டார். சதுக்கத்தின் நடுவே 1859-இல் நிறுவிய அவருடைய சிலை நிற்கிறது. அவர் பிறந்த வீடு இப்போது ஓர் இசைக் காட்சிசாலை. இவற்றையெல்லாம் பிற்பகலுக்குள் பார்த்து முடித்தோம். ரொட்டியும் உருளைக்கிழங்கும் உண்டோம். மரக்கறி உண்போர்க்கு அங்கே பட்டினி இல்லை. ஆனால் பன்முகச் சுவையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சதுக்கத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பிராங்கே நிறுவனங்கள். கிழக்கு ஜெர்மனி ஆட்சிக் காலத்தில் அமைத்த உயர்மட்டச் சாலை ஒன்று அதன் வாசலுக்கு எதிரே வண்டிகளின் இரைச்சலோடு செல்கிறது. அழகான முகத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தது போல அது உறுத்துகிறது. அதன் அடியில் நடந்து மறுபுறம் வந்தால், மஞ்சள் வண்ணம் பூசிய உயர்ந்த அநாதை இல்லக் கட்டடம். உச்சி முகப்பில் இரண்டு கழுகுகள் கதிரவனை நோக்கிப் பறப்பது போலச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்பவர் ஒரு போதகர், பேராசிரியரும் ஆவார். 1695-இல் அவர் வீட்டு உண்டியலில் ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் போட்டுச் சென்றார். அந்தச் சிறு தொகையைக் கொண்டு ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார் பிராங்கே. 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு அச்சகம், புத்தகக் கடை, மருந்துச் சாலை என்று அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. மருந்து விற்ற பணமும் நூல் விற்ற பணமும் பிள்ளைகளுக்குச் சோறிட்டன. 1727-இல் அவர் இறந்தபோது அங்கே படித்தோர் தொகை இரண்டாயிரத்துக்கு மேல். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல், தனி நிறுவனம் என்ற நிலையை அது இழந்தது. கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1990-இல் ஜெர்மனி ஒன்றான பிறகே மீண்டும் உயிர்பெற்றது. இன்று அந்த நீண்ட முற்றத்தில் குழந்தைகள் காப்பகம் முதல் பல்கலைக்கழகத் துறைகள் வரை எல்லாம் இயங்குகின்றன. நாங்கள் நுழைந்த வேளையில் பள்ளி விட்டிருந்தது. சிறுவர் கூட்டம் புத்தகப் பைகளோடு எங்களை இடித்துக்கொண்டு ஓடிற்று. முற்றத்தின் ஒரு பக்கம் முழுவதும் மரச்சட்டங்களால் கட்டிய ஆறு மாடி விடுதி. ஐரோப்பாவில் இவ்வகைக் குடியிருப்புக் கட்டடங்களுள் இதுவே மிகப் பெரியது என்பர்.

இந்த இடத்துக்கும் தரங்கம்பாடிக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் குடியேற்றமான தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். பிராங்கேயின் வட்டத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் இருவர் அதற்கு இசைந்தனர். அவர்களுள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்ரிக் புளூட்சாவ். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது. ஊர்மொழி ஒரு சொல்லும் அறியார். அவர் செய்தது என்ன? முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் துபாஷி அவருக்குப் பேச்சும் வழக்கும் கற்பித்தார். தமிழ் கற்பித்ததற்காகவே அந்த அழகப்பன் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளாகி, ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. பாதிரியாருக்கும் அதிகாரிகளோடு மோதல் வந்து, 1708-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு மாதச் சிறை கிடைத்தது.

சில ஆண்டுகளுக்குள் அவர் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிவிட்டார். தம் எழுத்தர்களைப் பல நாள் நடைத் தொலைவுக்கு அனுப்பி, கற்றவர்கள் இறந்துபோன வீடுகளில் அவர்களுடைய மனைவியரிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கச் செய்தார். 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். திருக்குறளும் தொல்காப்பியமும் அதில் உண்டு. அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் வீட்டுக் குழந்தைகள் பாட்டியின் மடியில் கேட்ட நூல்கள் அல்லவா அவை!

அவர் மதம் மாற்றும் நோக்கத்துடன் வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆயினும் எந்த மக்களை மாற்ற வந்தாரோ அந்த மக்களின் நூல்களைப் படிக்கப் படிக்க, ஐரோப்பாவில் இவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது பொய் என்று எழுதத் தயங்காத நேர்மை அவரிடம் இருந்தது. தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை 1713-இல் விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியோர் அதை அச்சிட மறுத்துவிட்டனர். சமயம் பரப்பப் போனவர் அந்நாட்டுத் தெய்வங்களைப் பற்றியா எழுதுவது என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது. 154 ஆண்டுகள் அது காத்துக் கிடந்தது. எனக்கு ஹாலேயின் மேல் ஒரு வருத்தம் உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் அதே ஹாலேதான் தமிழ் அச்செழுத்துகளையும் வெட்டித் தந்தது. தமிழ் அச்சுக்கு இதுவே முதல் என்று எண்ணிவிடக் கூடாது. ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. இடையில் அந்தத் தொழில் நம் நாட்டில் மறைந்துபோயிருந்தது. சீகன்பால்கு எழுதி அனுப்பிய வரிவடிவங்களைப் பார்த்து, ஒரு தமிழ்ச் சொல்லையும் காதால் கேளாத தொழிலாளர்கள் இந்த ஊரில் எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள். அவை 1713-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. காகிதமோ கப்பலில் வர வேண்டிய பொருள். ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கி வார்த்தார்கள் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாயிற்று. காகிதப் பஞ்சம் தீரவே பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். என் மனைவியின் கடுதாசிப் பட்டறை அப்படி வந்தது.

1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். அவருடைய துணையோடு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இதே அநாதை இல்ல அச்சகத்தில் வெளிவந்தது. அந்தப் பயணத்தில்தான் பாதிரியார் மரியா டொரோத்தியா என்னும் பெண்ணை மணந்து தரங்கம்பாடிக்கு அழைத்து வந்தார். மூன்றே ஆண்டுகளில், 1719-இல், தம் 36-ஆம் வயதில் அங்கே இறந்தார். “அந்தப் பெண் எங்கள் ஊர் வெயிலை எப்படித் தாங்கினாளோ, அதை யாரும் எழுதவில்லையே” என்றாள் என் மனைவி. “மலையப்பன் இந்த ஊர்க் குளிரை எப்படித் தாங்கினார் என்றும்தான் எழுதவில்லை” என்றேன் நான். அக்டோபரிலேயே எங்களுக்குக் கை விறைத்தது.

அநாதை இல்லத்தின் மேல்தளத்தில், கூரைக்கு அடியில், ‘அதிசயப் பொருட்களின் அறை’ இருக்கிறது. படியேறி வர எனக்கு மூச்சு வாங்கிற்று. உலகின் பல மூலைகளிலிருந்தும் மாணவரும் நண்பரும் அனுப்பிய ஏறத்தாழ 3000 பொருட்கள் அங்கே உள்ளன. கிரண்ட்லர் என்னும் ஓவியர் 1736 முதல் 1741 வரை அவற்றை வகைப்படுத்தி, ஒவ்வொரு அலமாரிக்கும் தலைப்பில் பொருத்தமான ஓவியம் தீட்டி அமைத்தார். அந்த அலமாரிகளுள் பதினாறு இன்றும் உள்ளன. சிப்பிகள், கற்கள், பதப்படுத்திய விலங்குகள், கோள்களின் இயக்கத்தைக் காட்டும் ஆளுயர மாதிரிகள், இவற்றுக்கு மேலே கூரையிலிருந்து தொங்கும் ஒரு முதலை. பிள்ளைகள் உலகத்தை ஏட்டில் மட்டும் படிக்காமல் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தவை அவை.

நான் முதலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி நம் நாட்டுப் பொருட்கள் இருந்த அலமாரியைக் கண்டுபிடித்து அதன்முன் நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு அப்பால் பனையோலை. குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, உதடு அசையப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஓலையைப் படிப்பது எளிதன்று. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. க என்பதா, க் என்பதா என்று இடம் நோக்கி உணர வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. எழுதியவன் படிப்பவனை நம்பி எழுதிய எழுத்து அது.

அந்த அறையைக் காக்கும் அம்மையார் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும். கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ தமக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில், “உங்களால் இதைப் படிக்க முடியுமா?” என்று கேட்டார். “முயல்கிறேன், இது என் மொழி” என்றாள் இவள். “அப்படியானால், உரக்கப் படித்துக் காட்டுவீர்களா?” என்றார் அவர்.

அவள் தயங்கினாள். பிறகு வகுப்பில் முதல் நாள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் குரலில், எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு வரியைப் படித்தாள். இரண்டு இடத்தில் நின்று, திரும்பி வந்து, வேறுவிதமாகப் பிரித்துப் படித்தாள். பொருள் முழுதும் விளங்கியதென்று சொல்ல முடியாது; ஆனால் அது தமிழ் என்பதில் ஐயமில்லை. அந்தக் கூரையறையில் வேறு யாரும் இல்லை. மரத்தரை கிறீச்சிடும் ஒலிகூட அப்போது இல்லை. அந்த அம்மையார் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், தாம் பல ஆண்டுகளாக அந்த ஓலைக்கு அருகில் அமர்ந்திருப்பதாகவும், அதன் ஒலியைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை என்றும் சொன்னார். வருவோர் எல்லாரும் முதலையைப் பற்றியே கேட்பார்களாம். எனக்குச் சற்று வெட்கமாகப் போய்விட்டது!

பிறகு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார்: “உங்கள் ஊரில் குழந்தைகள் இப்போதும் இதைக் கற்கிறார்களா?”

நாங்கள் இருப்பது அந்த எழுத்து வழங்கும் ஊரன்று, நாட்டின் வேறொரு மூலை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? இந்தியாவுக்குள்ளேயே ஊர் மாறினால் கடைப்பலகையின் எழுத்தும் மாறிவிடும் என்று நான் விளக்க முயன்றேன். ஜெர்மனியிலிருந்து கிரேக்க நாட்டுக்குக் குடிபெயர்வது போல என்றேன், ஒருவாறு புரிந்துகொண்டார். என் மனைவி மட்டும், “ஒன்பது குழந்தைகள் கற்கிறார்கள்” என்று பதில் சொன்னாள். அந்த நாட்டுக்கே ஒன்பது குழந்தைகள்தாமா என்று அவர் திடுக்கிட்டார். இல்லை, இவளிடம் ஒன்பது பேர் என்று விளக்கிய பின்னர், “ஒன்பது நல்ல எண்ணிக்கைதான். இந்த இல்லம் தொடங்கியபோதும் பெருங்கூட்டம் இல்லை” என்றார். ஆறுதலுக்குச் சொன்ன சொல்லன்று. அந்த வீட்டின் வரலாற்றைப் பலருக்கும் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

அன்று மாலை ஆற்றங்கரையில் நடந்தோம். எதிர்க்கரை மேட்டில் பழைய கோட்டை, கீழே மஞ்சளித்த மரங்கள். நெடுநேரம் அவள் பேசவில்லை. திடீரென்று, “அந்த மூன்றாம் வகுப்புப் பெண் இருக்கிறாளே, அவள் இந்த ஓலையைப் படித்துவிடுவாள். இரட்டையர் இருவரும் எழுத்துக் கூட்டுவார்கள். பெரிய பையன் புள்ளி எங்கே என்று சண்டைக்கு வருவான்” என்றாள். ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிறுத்திப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மீதி ஐவரைப் பற்றி நான் கேட்டேன். “அவர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு வேண்டும்” என்றாள். இரவு விடுதியில் பெட்டியைத் திறந்து பயிற்சி ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினாள். நான் உறங்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தொல்பொருட் காட்சிசாலைக்குச் சென்றோம். நேப்ரா என்னும் இடத்தில் 1999-இல் கிடைத்த வெண்கல வட்டம் அங்கே உள்ளது. அதில் கதிரவன் அல்லது முழுமதி, பிறை, விண்மீன்கள் ஆகியவை பொன்னால் பதிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்ட பொருள். இருண்ட அறையில் அது மட்டும் ஒளிர்கிறது. ஹாலேக்கு வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் இதைக் காணவே வருகின்றனர்; அதில் வியப்பில்லை.

நண்பகலில் மீண்டும் பிராங்கே முற்றத்துக்கு வந்தோம். 1728-இல் நூல்களுக்கென்றே கட்டிய நூலகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நாடக மேடையின் பக்கத் திரைகளைப் போல இருபுறமும் வரிசையாக நிற்கும் புத்தக அடுக்குகள், தோலின் மணம், உள்ளே செல்லக் கூடாதென்று ஒரு தடுப்பு. தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் வந்த கடிதங்களும் சுவடிகளும் இந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் தமிழர் எழுதிய கடிதங்களும் உண்டு என்பது என்னைக் கவர்ந்தது. தங்கள் உணவு, திருமணம், தெய்வம், மருத்துவம் பற்றிப் பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு அக்காலத் தமிழர் விடையெழுதினர். அப்படி எழுதிய ஏறத்தாழ நூறு மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714-ஆம் ஆண்டு முதல் ஹாலேயில் அச்சாயின. ஐரோப்பியர் நம்மைப் பற்றி எழுதிய நூல்கள் ஏராளம். நம்மவர் தாமே தம்மைப் பற்றி எழுதியது அங்கே அவ்வளவு முன்னதாக அச்சேறியது அரிது.

புறப்படுமுன் அவள் மறுபடி மாடி ஏறினாள். நான் இம்முறை முற்றத்து விசிப்பலகையில் அமர்ந்துவிட்டேன். கால்மணி நேரம் கழித்து வந்து நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மையாரின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தாளாம். அவர் பெயரில் ஒரு ‘ரோ’ வருகிறது. ஓசை ஒன்றாக இருக்க, அதற்குரிய குறி ரகரத்தின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நிற்பதைக் கண்டு அவர் சிரித்துவிட்டாராம். இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வது போல இருக்கிறது என்றாராம். எழுத்து வெட்டிய அந்நாளைய ஹாலேத் தொழிலாளர்களும் இதைக் கண்டு குழம்பியிருப்பார்களோ என்றும் கேட்டாராம். பிறகு தாமே எழுதிப் பார்த்தார். மூன்றாம் முறை ஒழுங்காக வந்தது. அந்தத் தாளை இவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். இப்போது அது ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் சுவரில், பிள்ளைகளின் ஏடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. இரட்டையருள் மூத்தவள் அதைப் பார்த்துவிட்டு, ரகரத்தின் கால் சற்று வளைந்திருக்கிறது என்று குற்றம் கண்டுபிடித்தாளாம். வகுப்பு இந்த ஆண்டும் நடைபெறுகிறது, புதிதாக இருவர் சேர்ந்துள்ளனர், ஒருவர் விலகிவிட்டார்.

ஹாலேக்குச் செல்ல எண்ணும் அன்பர்கள் ஒன்றை மனத்தில் கொள்க. அநாதை இல்லக் காட்சிசாலை திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம். ஆவணக் காப்பகத்துச் சுவடிகளைக் காண விரும்புவோர் முன்னதாக எழுதி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். காட்சிக்கு உள்ளவற்றைப் பார்க்க அது தேவையில்லை. ஆனால் படி மிகுதி. முழங்கால் வலி உள்ளவர்கள் மெல்ல ஏறுக.